முயலுக்குப் பதில் எங்கள் முதுகு

அடுத்தவர் முதுகில் க்ரீமைத் தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, அது அரிக்கிறதா இல்லையா என்று ஆவலோடு காத்திருப்பதுதான் என் தொழில். என் மாமியார் இதை வெளியில் சொல்வதில்லை. யாராவது கேட்டால், "ரேணிகுண்டா பக்கம் ஏதோ கம்பெனியில் இருக்கிறாள்" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார்.

கம்பெனி, ரேணிகுண்டாவிலிருந்து ஏர்பேடு போகிற வழியில் இருக்கிறது. சோப்பு, முகத்துக்குப் பூசும் க்ரீம், கண்மை எல்லாம் செய்கிறோம். ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் ஒரு குட்டி முயல் துள்ளிக்கொண்டிருக்கும். எந்தப் பிராணியின் மேலும் சோதித்துப் பார்க்காத சாமான் என்று அதற்கு அர்த்தம். அழகு சாமான்களைப் பிராணிகள் மேல் சோதிக்க நம் நாட்டில் இப்போது சட்டமும் இடம் கொடுப்பதில்லை. ஆனால் யார் மேலாவது பூசிப் பார்க்காமல் எதையும் கடைக்கு அனுப்ப முடியாது அல்லவா? அந்த 'யார்' என்பவரைத் தேடிப் பிடிப்பவள் நான். புதுசாக ஒரு க்ரீம் வாங்கித் தடவிவிட்டு, ஐயோ சிவக்கிறதே என்று கண்ணாடி முன்னால் பதறியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். சம்பளம் இல்லாமல் என் வேலையைப் பார்த்தவர்கள் நீங்கள். ஆகவே உங்களிடம் மனம் விட்டுப் பேசலாம் என்று தோன்றுகிறது.

வாய் உள்ளவர்கள்

முதன்முதலில் ஆள் பிடிக்க நான் போனது சித்தூரில் எங்கள் சொந்தச் சபைக்குத்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து மாதர் சங்கக் கூட்டம். எழுந்து நின்று பெரிய பிரசங்கமே செய்தேன். முன்னாளில் முயலின் முடியைச் சிரைத்துவிட்டு அதன் தோலில் இதையெல்லாம் பூசிப் பார்த்தார்கள் என்றேன். இப்போது விவரம் புரிந்து சம்மதிக்கிற மனிதர்களின் மேல்தான் ஒட்டுகிறோம், தோல் டாக்டர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஒட்டுகிறோம், எரிந்தால் அடுத்த நிமிஷமே பிய்த்துப் போட்டுவிடலாம் என்றெல்லாம் விளக்கினேன். "நீங்கள் முதுகைக் கொடுத்தால், எங்கள் சாமானுக்காக ஒரு வாயில்லா ஜீவனும் கஷ்டப்படாது. அதற்கு நான் பொறுப்பு" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். கடைசியில், "ஒன்றும் ஆகக் கூடாது என்று எல்லாரும் ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்" என்றும் மறக்காமல் சேர்த்துக்கொண்டேன். இந்த இரண்டு வாக்கியங்களும் பிறகு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

சங்கத் தலைவி மார்த்தா அக்கா பள்ளிக்கூட விடுதியில் சமையல் செய்கிறவர். அவர் கேள்வி கேட்டால் பீடத்தில் நிற்கிற போதகர் ஐயரே கொஞ்சம் தயங்குவார். "அது வாயில்லாததுன்ற. எங்களுக்கு வாயி கீது, அதுனால எங்க மேல ஒட்டலாமா? இன்னாடி எஸ்தரு நாயம் இது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். "ஆமாக்கா, அதுனாலதான். எரிஞ்சா நீங்க 'எடுடி'ன்னு கத்துவீங்க. அதுக்குச் சொல்லத் தெரியாது" என்றேன். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"சரி, ஒட்டு. ஆனா எரிஞ்சிது, சர்ச்சி வாசப்படியக் கூட உன்னை மிதிக்க வுடமாட்டேன்."

ஜெப எண்ணெய்

நாங்கள் ஒட்டுகிற பிளாஸ்திரிகளில் ஒன்றில் மட்டும் வேண்டுமென்றே லேசாகச் சிவக்கவைக்கும் சரக்கு இருக்கும். அது சிவந்தால்தான் சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அதையும் ஒட்டுவோம். இரண்டு நாள் கழித்துச் சித்தூர் முதுகுகளைப் பிரித்துப் பார்த்தால், சிவக்க வேண்டியது கூடச் சிவக்கவில்லை. எல்லா முதுகும் பளபள என்று இருந்தது. எங்கள் கம்பெனியின் கெமிஸ்ட் வைதேகி திருப்பதியில் பெருமாள் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பெண். சரக்கில் தப்பா, தன் கணக்கில் தப்பா என்று தலையைப் பிய்த்துக்கொண்டு அவளே சித்தூருக்குக் கிளம்பி வந்துவிட்டாள்.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. மார்த்தா அக்கா ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், பிளாஸ்திரியின் ஓரத்தைப் பக்குவமாகத் தூக்கி, உபவாசக் கூட்டத்தில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தடவி, மறுபடி அழுத்தி ஒட்டியிருக்கிறார். எண்ணெய் ஊறிய இடத்தில் எது சிவக்கும்? அத்தனை சோதனையும் வீண் என்று வைதேகி தலையில் கை வைத்துக்கொண்டாள். அக்காவுக்குக் கொஞ்சம் கூட வருத்தமில்லை.

"நீதானடி அன்னிக்கி ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு ஜெபம் பண்ணிக்கச் சொன்ன? இப்ப ஜெபம் வேலை செஞ்சிதா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல."

பெருமாளின் பொறுமை

வைதேகிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் புதுச் சரக்கையும் முதலில் தன் முதுகில்தான் ஒட்டிக்கொள்வாள். "நான் பூசிக்காததை அவாளைப் பூசிக்கோங்கோன்னு எப்படிக் கேக்கறது?" என்பாள். நல்ல கொள்கைதான். ஆனால் பிளாஸ்திரி இருக்கும்வரை முதுகு நனையக் கூடாது. அவள் வீட்டிலோ தலைக்குக் குளிக்காமல் சமையலறைப் படியைத் தாண்டக் கூடாது. அங்கே ஆகிற சமையலை, அவர்கள் பாஷையில் தளிகையை, முதலில் பெருமாளுக்குப் படைத்து, பிறகுதான் மற்றவர்களுக்கு. அவள் மாமியாருக்கு முழங்கால் வலி, அடுப்படியில் நிற்க முடியாது. மிச்சம் இருப்பது வைதேகியின் கணவர் பார்த்தசாரதி. அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும் என்று கேள்வி.

பிளாஸ்திரி எடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனது சாப்பாட்டு வேளையாகப் போய்விட்டது. வாழை இலையில் புளியோதரை வைத்தார் பார்த்தசாரதி. புளி இருந்தது, ஓதரையைக் காணவில்லை. நான் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்குவதை மாமியார் பார்த்துவிட்டார். கோபம் வருமோ என்று பயந்தேன். அந்த அம்மாள் பூஜை அறைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என்னிடம் சொன்னார்:

"உங்க முயலாவது வெளியில துள்ளிண்டு போயிடும். எங்காத்துப் பெருமாள் ரெண்டு நாளா என் பிள்ளை தளிகையை அமுது பண்ணிண்டு, ஒரு வார்த்தை சொல்லாம நின்னுண்டிருக்கார் பாருங்கோ."

முட்டை

கண்மைக்கு முதுகு போதாது. கண்ணில் படுகிற சாமான் அது. பழைய நாளில் இதற்குத்தான் முயலின் கண்ணைத் தேடினார்கள். வைதேகி எங்கெங்கோ படித்து வேறு வழி கண்டுபிடித்தாள். அடைகாக்கத் தகுந்த முட்டையைச் சில நாள் கதகதப்பில் வைத்து, குஞ்சுக்கு வலி தெரிகிற பருவம் வருவதற்கு முன்னாலேயே ஓட்டைத் திறந்தால், உள்ளே மெல்லிய சவ்வும் நூல் நூலாக ரத்தக் குழாய்களும் தெரியும். அதன் மேல் மையை விட்டுப் பார்க்க வேண்டும். குழாய்கள் உடையாமல் இருந்தால் பாதி பயம் போயிற்று. எங்கள் ஜில்லாவில் கோழிப் பண்ணைக்கா பஞ்சம்? நானே முட்டைகளைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

வைதேகி அதுவரை முட்டையைத் தொட்டதில்லை. முதல் முட்டையைக் கையில் எடுத்தபோது அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது. எங்கள் மை தேறிவிட்டது, ஒரு குழாய் கூட உடையவில்லை. கம்பெனியே லட்டு சாப்பிட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் பின்கட்டுக் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரத் தலையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

"முயலைக் காப்பாத்தப் போய் முட்டையைக் கையில பிடிச்சிண்டு நிக்கறேன், எஸ்தர். இதைப் பெருமாள் புண்ணியத்துல சேப்பாரா, பாவத்துல சேப்பாரா?"

பெரிய ஆர்டர்

இந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு ஏஜென்ட் எல்லை ஊரான தடா வழியாகக் காரில் வந்து இறங்கினார். வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்கு எங்கள் கண்மை பிடித்துவிட்டதாம். வருஷம் முழுக்க மெஷின் நிற்காமல் ஓடுகிற அளவுக்கு ஆர்டர். ஒரே நிபந்தனைதான். முட்டை கிட்டை எல்லாம் அவருக்குப் போதாது, முயல் கண்ணில் சோதித்த சான்று வேண்டும். இங்கே செய்ய முடியாது என்றால் செய்கிற ஊர்கள் இருக்கின்றன, சாம்பிளை மட்டும் அனுப்புங்கள் என்றார் ஏஜென்ட். அந்த நாட்டுக்குப் போகிற பெட்டியில் முயல் படத்தை எடுத்துவிட்டால் போயிற்றாம்.

எங்கள் முதலாளி பாஸ்கர் சார் சித்தூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். கெட்ட மனிதர் இல்லை. பேக்கிங் பிரிவுப் பெண்களுக்குப் பாதி நாள்தான் வேலை இருக்கிறது என்று அவரே வருத்தப்படுவார், இந்த ஆர்டர் வந்தால் அவர்களுக்கு முழு வேலை. வைதேகி பட்டென்று கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். சித்தூர் பெண்கள் முதுகைக் கொடுத்தது கம்பெனியை நம்பி இல்லை, என் வார்த்தையை நம்பி. இது நடந்துவிட்டால் அடுத்த ஞாயிறு நான் எந்த முகத்தோடு அவர்கள் நடுவில் உட்காருவேன்? அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார்.

"நம்ம செய்யறமா எஸ்தரம்மா? எக்கடோ, எங்கயோ எவனோ செய்யறான். நமக்கு பேப்பரு வருது, அந்தே, அவ்ளோதான்."

யோபு அண்ணனின் குழம்பு

ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்ல முதலாளி கெடு கேட்டிருந்த வாரத்தில்தான், எங்கள் சபையில் அறுவடைக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை வந்தது. மார்த்தா அக்கா என்னையும் வைதேகியையும் முதலாளியையும் வெதுருகுப்பத்தில் தன் தம்பி யோபு வீட்டு விருந்துக்கு அழைத்திருந்தார். போன பிறகுதான் தெரிந்தது, யோபு அண்ணன் முயல் வளர்க்கிறார். கறிக்காக. அன்றைய குழம்பும் அதுதான். வைதேகி ஓரமாக உட்கார்ந்து தன் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டாள். நான் முயல் படம் போட்ட கம்பெனிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, முயல் குழம்பை இரண்டாம் முறையும் வாங்கினேன். உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு ருசி.

பாஸ்கர் சாருக்கு மனசெல்லாம் ஆர்டரில். "யோபு, கண்மை டெஸ்ட் பண்ண மொயலு கேட்டா குடுப்பியா?" என்றார் விளையாட்டாக. யோபு அண்ணன் வியாபாரி. "எத்தினி வோணும் சார்? வெள்ளையா, சாம்பலா?" என்றார் உடனே. வைதேகி தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்காமல் விவரத்தைச் சொன்னாள். உடம்பு அசையாதபடி பெட்டிக்குள் வைத்து, தலையை மட்டும் வெளியே நீட்டவைப்பார்கள். ஒரு கண்ணில் சரக்கை விடுவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கண்ணைச் சும்மா விடுவார்கள். அப்புறம் எவ்வளவு சிவக்கிறது என்று நாள் கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யோபு அண்ணன் கையில் கரண்டி அப்படியே நின்றது. "நீ வெட்டறியே, அது மட்டும் இன்னா?" என்று மடக்கினார் முதலாளி. நியாயமான கேள்விதான், வாயில் எலும்போடு நானும் யோபு அண்ணனைப் பார்த்தேன். அவர் கரண்டியால் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார்.

"அது சொல்லத் தெரியல சார். வெட்றது ஒரு நிமிசம். எரியுதா எரியுதான்னு பாத்துக்கினு குந்தறதுக்கு மட்டும் எங்கிட்ட மொயலு இல்ல. இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?"

ஒரு கண்

மறுநாள் காலை பாஸ்கர் சார் வலது கண் மட்டும் ரத்தமாகச் சிவந்து கம்பெனிக்கு வந்தார். மெட்ராஸ் ஐ என்று நினைத்து எல்லாரும் நாலடி தள்ளி நின்றார்கள். அவர் என்னையும் வைதேகியையும் உள்ளே கூப்பிட்டார். எங்கள் மையைத் தண்ணீரில் குழைத்து, ஒரு கரண்டி, தன் கண்ணில் தானே ஊற்றிக்கொண்டிருக்கிறார். வைதேகி சொன்னபடியே ஒரு கண்ணில் மட்டும். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பது என்று நினைப்பாம்.

வைதேகிக்கு வந்ததே கோபம். "மையை யாராவது கரண்டியால எடுத்துக் கண்ணுல விட்டுப்பாளா? கண்ணு என்ன விளையாட்டுச் சாமானா சார்?" என்று முதலாளி என்றும் பார்க்காமல் திட்டினாள். கையோடு கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். பயமில்லை, சொட்டு மருந்து போட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், மருத்துவமனை வாசலில் நின்றபடியே பாஸ்கர் சார் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு ஆர்டர் வேண்டாம் என்றார். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது, எங்கள் சபையில் அந்தப் பழக்கம் இல்லாததால் சும்மா நின்றேன். அவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"ஊத்தின ஒடனே ரெண்டு கையும் தானா கண்ணுக்குப் போயிடிச்சி எஸ்தரம்மா. தேச்சேன், கழுவினேன், பொண்டாட்டியக் கூப்புட்டுக் கத்தினேன். பாபம், அந்த மொயலுக்குக் கையும் லேது, வாயும் இல்ல."

கண்ணுக்கு ஆள்

கதை இங்கே சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்டருக்காகத் தூசு தட்டிய இரண்டாவது மெஷினுக்கு மறுபடி பிளாஸ்டிக் உறை போட்டாயிற்று. பேக்கிங் பெண்கள் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் கோபத்தில் தப்பில்லை. உள்ளூர்க் கடைகளிலாவது மையை நன்றாக விற்க வேண்டும், அதற்குக் கண் டாக்டர் மேற்பார்வையில் சம்மதிக்கிறவர்களுக்கு மை இட்டுப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. மறுபடி சித்தூர், மறுபடி மாதர் சங்கம். முதுகு கேட்டபோதே அத்தனை கேள்வி, இப்போது கண்ணைக் கேட்க வேண்டும். ஆர்டர் வந்தது, போனது, முதலாளியின் சிவந்த கண், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. நான் தலை நிமிர்வதற்குள் வரிசையே நின்றுவிட்டது, முதல் ஆளாக மார்த்தா அக்கா, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் என் கெட்ட நேரம், கண் ஆபரேஷன் ஆனவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அக்காவுக்குப் புரை எடுத்திருக்கிறது. "அக்கா, நீங்க மட்டும் வேணாம்" என்று மெல்லச் சொன்னேன். முகம் சுருங்கிப் போயிற்று அவருக்கு. கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். அடுத்த வாரம் புது சோப்புக்கு முதல் முதுகு உங்களுடையதுதான் என்று நான் சத்தியம் பண்ணியும் அவர் சமாதானமாகவில்லை.

"அன்னிக்கி மொயலுக்குப் பதிலா நாங்களான்னு கேட்டேன், வாஸ்தவந்தான். அதுக்குன்னு இன்னிக்கி மொயலும் வோணாம், நானும் வோணாம்னா இன்னாடி அர்த்தம், எஸ்தரு?"

பெட்டி மூலையில் கவலையில்லாமல் துள்ளிக்கொண்டிருக்கிற அந்த முயலுக்கு என்ன தெரியும், தான் துள்ளுவதற்காகச் சித்தூரிலும் திருப்பதியிலும் எத்தனை பேர் முதுகை நனைக்காமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று!